பொன்னாடைக்குள் அரிப்பு

சொறி பிடித்த மிருகங்களுக்காக மந்தி ஒரு நலச்சங்கம் நடத்தியது. அதற்கும் சொறிதான். சங்கத்தின் பந்தல், மைக், பேனர், சுண்டல் எல்லாம் நரியின் உபயம். நரி சொறிக்குக் களிம்பு விற்கிறது. யாராவது கேட்டால், "விற்கட்டுமே! சங்கம் வேற, களிம்பு வேற" என்று மந்தி சீறும்.

ஆண்டு விழாவன்று எருமை மேடையேறியது.

"பத்து நாள் வேப்பங்குட்டைச் சேத்துல புரண்டேன். சொறி போன இடம் தெரியல. காலணா செலவில்ல!"

கூட்டம் சுண்டல் மெல்வதை நிறுத்தியது. முன்வரிசையில் நரி மீசையைத் தடவியது. மந்தி ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கியது.

"ரொம்ப சந்தோஷம் எருமையக்கா! ஆனா சொறி இருக்கிறவங்கதான் சங்கத்துல உறுப்பினர். உறுப்பினருங்கதான் மேடையில பேசலாம். உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே, இறங்கிடுங்க."

"நரிக்குச் சொறியே வந்ததில்லையே?"

"அவரு சிறப்பு விருந்தினர்!"

எருமை தலையை ஆட்டிக்கொண்டே குட்டைப் பக்கம் நடந்தது.

நரி மேடையேறி, நோயாளிகள் படும் பாட்டை எண்ணி ஒரு மணி நேரம் உருகியது. பிறகு, யாருக்கும் வளைந்து கொடுக்காத செயலாளர் என்று மந்தியைப் புகழ்ந்து, மொரமொரவென்று ஒரு ஜரிகைப் பொன்னாடையைப் போர்த்திவிட்டது. கூட்டம் கைதட்டியது. நரி பார்த்துக்கொண்டிருந்ததால் மந்தி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது.

பொன்னாடைக்குள் முதுகு தீப்பிடித்த மாதிரி அரித்தது. சொறிந்துகொள்ளத்தான் கை ஒழியவில்லை.