கல்லு திரும்பி வருமா?

குளிர்காலம் முழுக்க வீட்டுப் புல்தரையைக் கொத்திக் குதறி, கோல்ஃப் பந்தைப் பின்சுழல விடும் வித்தையைக் கற்றிருந்தார் லாக்லன். அந்த ஸ்காட்லாந்துக் கடலோரக் கிளப்பின் கேப்டன் அவர். கோப்பைக்கான ஆட்டத்தில், கடைசிக் குழிக்கு வரும்போது அவரும் கால்நடை மருத்துவர் மோராக்கும் சமநிலையில் இருந்தார்கள்.

"விழுந்த பந்து பின்னாடி வரணும்னா, என்னோடது மாதிரி ஒசத்திப் பந்து வேணும் டாக்டரம்மா. உங்களோடது கல்லு. கல்லு எங்கயாவது திரும்பி வருமா?"

"கூப்பிட்டா ஆடு வரும், கேப்டன். பந்தைக் கூப்பிட்டுப் பார்த்ததில்ல."

புல்லில் இரண்டு வெள்ளைப் பந்துகள் அருகருகே கிடந்தன. ஒன்றின் முன் மட்டையோடு நின்றார் லாக்லன்.

"கேப்டன், ஒரு நிமிஷம்..."

"உஷ்! ஒருத்தர் அடிக்க நிக்கறப்ப வாயைத் திறக்கக் கூடாது. இந்த விதிகூடவா தெரியாது?"

மோராக் இரண்டடி தள்ளி நின்றார்.

பந்து குழியைத் தாண்டி விழுந்து, பின்னால் உருண்டு வந்து, குழியோரம் நின்றது. ஆட்டம் பார்க்க வந்தவர்களிடமிருந்து ஒரே கைதட்டல்.

"பார்த்தீங்களா! உங்க கல்லு இப்படி வருமா?"

"வந்திருக்கே!" குழியருகே போய்ப் பந்தைத் திருப்பிக் காட்டினார் மோராக். தன் பந்து என்று அடையாளம் தெரிய அவர் பேனாவால் வைத்த சிவப்புப் புள்ளி அதில் இருந்தது.

அடுத்தவர் பந்தை அடித்தால் அந்தக் குழியில் தோல்வி. கோப்பை மோராக்குக்குப் போனது.

"அடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கேப்டன். நீங்கதான் விதியைச் சொல்லிக் குடுத்தீங்க."