கராஜுக்குள் மிளகாய் வறுத்த சனிக்கிழமை

கராஜுக்குள் அலாரம் கத்தத் தொடங்கியபோது அவன் வெளியே சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தான்.

சிரித்தான்.

உள்ளே அவன் மனைவி வதனா கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கிறாள். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அலாரம் கத்தாமல் அவள் மிளகாய் வறுத்ததே கிடையாது.

ஒரு சவள் பனியை அள்ளிப் பக்கச் சுவரோரம் எறிந்தான். இன்னொன்று. இன்னொன்று.

வீட்டுக்குள் வறுத்தால் பிள்ளைகள் இரண்டும் சண்டைக்கு வரும். குளிர் ஜாக்கெட்டெல்லாம் மணக்குதாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிறவன் தும்முகிறானாம். அதனால்தான் கராஜ்.

கராஜில் விரல் விறைக்கும். அதனால்தான் காஸ் ஹீற்றர்.

போன மாதம் அவனே பூட்டினான். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ என்று வதனா படித்துப் படித்துச் சொன்னாள். அவன் கேட்டால்தானே. நாலு குழாயைப் பொருத்துகிறதுக்கு ஒரு லைசென்ஸோ என்று கேட்டான், பெரிய கெட்டிக்காரன்.

ஆரோ பாவித்த பழைய ஹீற்றர். பூட்டிய புதிதில் அடிக்கடி தானாக அணைந்தது. உள்ளே இருந்த ஒரு சின்னப் பாதுகாப்புச் சுவிட்சை விலக்கிவிட்டு, இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிட்டான். பிறகு அணையவில்லை. அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

புகைக்குழாயைப் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே விட்டான். முழங்கால் உயரத்தில். மேலே விட்டால் தெருவில் போகிறவன் கண்ணில் படும், எவனாவது மாநகர சபைக்குப் போன் பண்ணித் தொலைப்பான் என்று பயம்.

அலாரம் விடாமல் கத்தியது.

சவளை ஊன்றிக்கொண்டு நின்றான்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சின்ன இடைவெளி.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அந்தப் பெட்டி புகைக்கும் காஸுக்கும் சேர்த்து வாங்கியது. புகை என்றால் மூன்று தரம் கத்தும். நான்கு என்றால் மற்றது. மணமும் இல்லாத, நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட். ஹீற்றரின் புகை வெளியே போக வழியில்லாவிட்டால் அது உள்ளே நிறையும். ஆளைத் தூங்கவைத்துவிட்டு முடித்துவிடும்.

பக்கச் சுவரைப் பார்த்தான்.

குழாயைக் காணவில்லை.

இடுப்பளவு பனிதான் இருந்தது. அரை மணி நேரமாக அவன் அள்ளி அள்ளி எறிந்த பனி.



அப்போது அலாரம் நின்றது.

ஐயோ, கத்திக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லையே. வதனா எதிலோ ஏறிப் பற்றரியைக் கழற்றியிருக்கிறாள். சமைக்கும்போது அலாரம் கத்தினால் பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் அதுதான் வைத்தியம். அவனே எத்தனை தரம் கழற்றிக் கொடுத்திருக்கிறான்!

"வதனா!"



கராஜின் பெரிய கதவைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அடிப்பக்கம் உறைந்து நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. சவளைக் கொடுத்து நெம்பினான். ஒரு அங்குலமும் அசையவில்லை.

வீட்டுக்குள்ளால்தான் போகவேண்டும்.

ஓடினான். முன்கதவைத் திறந்தான். குனிந்தான்.

பூட்ஸின் நாடாவை அவிழ்த்தான்.

சப்பாத்துக் காலோடு வீட்டுக்குள் போய்ப் பழகாத மனுஷன். ஒரு பூட்ஸைக் கழற்றி, அதை ஓரமாக நேராகவும் வைத்துவிட்டான். மற்றதில் கை வைத்தபோதுதான் புத்தி வந்தது.

அட பாவி! என்னடா செய்கிறாய்!

ஒற்றைப் பூட்ஸோடு, பனி சொட்டச் சொட்ட, குசினியைத் தாண்டிக் கராஜுக்குப் போகும் கதவைத் தள்ளினான்.

மிளகாய் நெடி தொண்டையைப் பிடித்தது.

வதனா கவிழ்த்த வாளியின்மேல் இருந்தாள். கையில் அகப்பை. மடியில் பற்றரி. தாச்சியில் மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கிண்டவில்லை.

மெல்லத் திரும்பினாள். அவன் காலைப் பார்த்தாள்.

"என்னப்பா... பூட்ஸோட..."

நாக்குக் குழறியது.

அவளுடைய இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்தான். அவளுக்குக் கால் நிற்கவில்லை. குசினி. கூடம். முன்கதவு. வெளிப்படியில் இருத்தித் தன் ஜாக்கெட்டைப் போர்த்தினான்.

"மூச்சை இழு. வதனா, இஞ்ச பார், மூச்சை இழு!"

இழுத்தாள். படியோரம் குனிந்து சத்தி எடுத்தாள். பிறகு விக்கி விக்கி அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவசர இலக்கத்தை அழுத்தி விலாசத்தைச் சொன்னான். வாகனம் வருகிறது, இனி ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்றாள் மறுமுனையில் இருந்த பெண். பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

வதனா அவன் கையைப் பிடித்தாள்.

"நான்தான் பற்றரியைக் கழட்டினனான். மிளகாய்க்குக் கத்துதெண்டு நினைச்சன். எல்லாம் என்ர பிழை."

அவன் வாயைத் திறந்தான்.

"நீங்கள் வந்திராட்டி நான் போயிருப்பன்," என்றாள். "பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

படியில் இருந்தபடியே அவனுக்குப் பக்கச் சுவரோரத்துப் பனிக் குவியல் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

தெருமுனையில் சைரன் கேட்டது.

"பரவாயில்லை, விடு," என்றான்.

சொன்னபோதே அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

அவள் ஆறுதலாக அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.