லெஃப்ட் பெடல்

"பெடல் மாட்ற எடத்துல மரை சுத்தமா பூடுச்சும்மா. இதுல யாரு கை வச்சது?" ராயப்பேட்டை சைக்கிள் கடையில் அங்கமுத்து கேட்டார்.

"தானா தேஞ்சிருக்காதா?" என்றாள் காயத்ரி.

"சான்ஸே இல்ல. லெஃப்ட் பெடலுக்கு மட்டும் மரை உல்டாவா கீது. கழட்டணும்னா டைட் பண்ற பக்கம் திருப்பணும். அது தெரியாம யாரோ கழட்டறதா நெனச்சிக்கினு, இறுக்கு இறுக்குனு இறுக்கியிருக்காங்க. பெடல புடிக்கிற கிராங்கு தண்டையே மாத்தணும்."

யாரென்று காயத்ரிக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திடுங்கோ" என்றாள்.

மயிலாப்பூரில் ஃபிளாட் வாசலிலேயே சாய்நாத் மறித்துக்கொண்டான்.

"மறுபடியும் பெசன்ட் நகருக்கு சைக்கிளா? இந்த டிராஃபிக்ல வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? எங்க போகணும்னாலும் நான் கார்ல கொண்டு விடறேனே!"

"அதுக்காக ராத்திரியோட ராத்திரியா பெடலைக் கழட்டப் பாத்தியா?"

சாய்நாத் திருதிருவென்று விழித்தான். "அது... வரவே இல்லை."

"எப்படி வரும்? நீ கழட்டலை, இறுக்கினே!"

"ஏன் இப்படி சைக்கிள்ல அலைய விடறேன்னு ஃபிளாட்ல எல்லாரும் என்னைத்தான் கேக்கறா. பேசாம ஆத்துல இருக்கப்படாதா?"

காயத்ரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

"உன்னை கேரியர்ல உக்கார வெச்சு எல்.கே.ஜி.க்கு மிதிச்சவடா நான்! இனிமே பெடல்ல கை வெச்சுப் பாரு. உங்கம்மா பெசன்ட் நகரோட நிக்க மாட்டா, மகாபலிபுரம் வரைக்கும் போவா!"