இறகை எண்ணும் கார்டு

ஆஸ்திரேலியக் கண்டத்தின் பறவை வரலாறு, அந்த வியாழக்கிழமை காலை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், டாரனின் கணினிக் கடை மேசைமேல் திருத்தி எழுதப்படவிருந்தது.

எழுதவிருந்தவர் கிளைவ் பாஸ்கோ. ஊர்ப் பறவை நோக்கர் சங்கத்தின் தலைவர். சாட்சிக்கு மனைவி கிளெனிஸும் வந்திருந்தாள், எங்கு போனாலும் கூடவே வரும் பின்னல் பையோடு.

போன குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போட்டிருந்தபோது, இருட்டப்போகிற நேரத்தில், முட்புல் புதருக்கடியில் பச்சையாக ஒன்றை கிளைவ் படம்பிடித்துவிட்டார்.

இராக்கிளி. ஆயுள் முழுக்கத் தேடியும் அதைக் கண்ணால் காணாமலே கண்மூடியவர்கள் அந்தச் சங்கத்திலேயே உண்டு.

படத்தில் பச்சை இருந்தது. மஞ்சளும் கொஞ்சம் இருந்தது. மற்றபடி எல்லாம் மணலை வாரி இறைத்ததுபோல் ஒரே பொரிப்பொரி.

படத்தைப் பார்த்த அடிலெய்டு பறவை நிபுணர்கள் "ஏதோ ஒன்று" என்று பதில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமை சங்க விருந்துக்கு நேரிலேயே வருகிறார். அவர் முன்னால் படத்தைச் சுவரில் மாட்டித் திரை விலக்கப்போவதாக கிளைவ் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

ஆகவே, படத்தைத் துலக்க ஒரு கிராபிக்ஸ் கார்டு.

மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட அவர் இத்தனை பேரை விசாரித்ததில்லை.

கடைசியில் இரண்டு கார்டுகள் மிஞ்சின. டாரன் இரண்டையும் இரண்டு கணினிகளில் பொருத்திவைத்திருந்தான். ஒன்று கைக்கடக்கமானது. மற்றது செங்கல் பருமன், மூன்று விசிறி.

சின்னதில் படம் ஓரளவு தெளிந்தது. புகைக்கு நடுவே ஒரு கிளி, குளிருக்கு ஒடுங்கிக் குந்தியிருந்தது. கிளைவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுல மெமரி கம்மி தலைவரே. மேலாப்புலதான் துடைக்கும்," என்றான் டாரன்.

"எனக்கு இறகை ஒண்ணொண்ணா எண்ணணும்ப்பா. அந்தப் பெரிசுல போடு."

பெரியதன் விசிறிகள் இரைந்தன. மணல் உதிர்ந்தது. புகை விலகியது. பச்சை இழை இழையாகப் பிரிந்து வந்தது.

எண்ணலாம். தாராளமாக எண்ணலாம். ஓரத்தில் பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்ததுகூடத் தெரிந்தது. உச்சியில் மஞ்சள் கம்பளிக் குஞ்சம்.

கிளெனிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள்.

"ஏன்யா கிளைவ், நான் பின்னின குல்லாவை டிங்கோ நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னுல்ல சொன்னே?"

டாரன் கணினியின் பின்பக்கம் போய், ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு கம்பியைச் சரிசெய்தான்.

கிளைவ் இரண்டு திரைகளையும் வெகுநேரம் மாறிமாறிப் பார்த்தார்.

பிறகு, சின்னதையே கட்டித் தரச் சொன்னார்.