ஐந்து நிமிட ஓய்வு

"உங்க எழுத்தைவிட உங்க தம்பி எழுத்துதான் லட்சணமா இருக்குன்னு மருந்துக் கடைக்காரர் சொல்றார்" என்றாள் மனைவி. சக்கர நாற்காலியில் கண் சொருகிக்கொண்டிருந்த போர்டு பெயிண்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

பிசியோதெரபிஸ்ட் பதறினார். "அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க. டெஸ்டுக்கு முன்னாடி அவர் அஞ்சு நிமிஷம் ஓய்வா உட்காரணும். நடக்கும்போது இருக்கிற நாடித்துடிப்புல, உட்கார்ந்தப்ப இருந்த துடிப்பைக் கழிச்சுதான் பார்ப்போம். மிச்சம் அம்பதைத் தாண்டினா, நடக்க ரொம்பச் சக்தி செலவாகுதுன்னு அர்த்தம். காலிபர் தர மாட்டாங்க."

சாரத்திலிருந்து விழுந்ததில் பெயிண்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இடுப்பு முதல் பாதம் வரை பூட்டுகிற அந்தக் காலிபர் சட்டம் கிடைத்தால் எழுந்து நிற்கலாம், போர்டின் மேல்வரிக்குக் கை எட்டும். இரண்டு முறை தோற்றாயிற்று, இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்த இரண்டு முறையும் ஓய்வு நேரத்தில் மனிதர் குறட்டையே விட்டார். ஊரே பற்றி எரிந்தாலும் 'அப்படியா?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிற ஆள். அவரைப் போய் இன்றைக்கா சீண்டுவாள் மகராசி?

"என் எழுத்தையா சொன்னான்?"

"உங்களுக்குச் சுழி போடவே வரலையாம். நீங்க எழுதின கடை போர்டை அழிச்சிட்டு உங்க தம்பியை வெச்சு எழுதப் போறாராம்."

"அவனுக்கு பிரஷ் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்." பெயிண்டருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"குருவை மிஞ்சின சிஷ்யன்னு சொல்லிக்கிறாங்க."

"வாய மூடுறியா?"

ஐந்து நிமிடம் முடிந்தது. பிசியோ கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார்.

காலிபரைப் பூட்டி, ஊன்றுகோல்களை அழுத்தி, பெயிண்டர் கோபத்தோடேயே நடந்தார். நீளமான வராந்தாவில் போய்த் திரும்புவதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது. அவள் சுவரோரம் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"உட்கார்ந்தப்ப தொண்ணூத்தெட்டு, நடந்தப்ப நூத்து முப்பத்தாறு" என்றார் பிசியோ. "மிச்சம் முப்பத்தெட்டு. காலிபர் உங்களுக்குத்தான்."

பெயிண்டருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மனைவியை முறைத்தார். "இன்னைக்குன்னு பார்த்தா வம்பு வளர்ப்ப? உன் வாயையும் மீறி நான் பாஸ் பண்ணிட்டேன், பார்த்துக்க."

அவள் துண்டால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"அத்தனையும் பொய்ங்க. உங்களத் தூங்க விட்டிருந்தா உட்கார்ந்த துடிப்பு எழுபதுலயே நின்னிருக்கும், இந்தத் தடவையும் ஃபெயிலாயிருப்பீங்க."