மருதாணி மறைத்த வில்லை

உடம்பில் விஷம் ஏறினால் சிவக்கும் வில்லையை ஆய்வுக்கூட ஊழியர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டில் பதித்திருந்தார்கள். தையல்நாயகியின் வில்லை இன்று சிவந்துவிட்டது. பாதரசக் கலவை ஒரு சொட்டு கையுறைக்குள் ஊறியிருந்தது.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் மருந்து கேக்கும்ப்பா."

"போனா ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் உன்னை எவன் கட்டுவான்? நம்ம வம்சத்துல யாருக்கும் இப்படி விஷம் ஏறினதில்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்பலவாணர். தாமே மருதாணி அரைத்து, வில்லை தெரியாதபடி அப்பிவிட்டார்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். காபித் தட்டை நீட்டிய தையல்நாயகியின் கை நடுங்கியது. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"பொண்ணுக்கு ரொம்பக் கூச்சமோ?" என்று மாப்பிள்ளையின் தாயார் சிரித்தாள்.

நடுக்கம் எதனால் என்று அம்பலவாணருக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டு வளர்ப்பு அப்படிங்க."