இடம் தெரியாத ராசா

"ராசா ஆருக்கு வருதோ, இண்டைக்கு அவையின்ர சொல்லுத்தான் சட்டம்!" என்று முழங்கினார் குகதாசன்.

ஓஸ்டர்முண்டிகனில் தவராஜா வீட்டு ஹோலில் அப்போது இருந்தது மொத்தம் நான்கு பேர். குகதாசனின் கண்ணுக்கு மட்டும் நானூறு பேர் தெரிந்தார்கள். தமிழர் ஒன்றியத் தலைவர் அல்லவா? மைக் இல்லாத குறையைத் தொண்டையால் தீர்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி ஆறாம் திகதி, மூவரசர் திருநாள். உருண்டை உருண்டையாகப் பூப்போல ஒட்டிச் சுட்ட இனிப்புப் பாண் ரொட்டியை அன்றைக்கு சுவிஸ் முழுக்கப் பிய்த்துத் தின்பார்கள். ஓர் உருண்டைக்குள் சின்னப் பிளாஸ்டிக் ராசா ஒளிந்திருப்பார். அவர் கிடைத்தவருக்குக் கடதாசிக் கிரீடமும் ஒருநாள் ஆட்சியும்.

"சட்டமெண்டால் உண்மையாவோ, மாமா?" என்று கேட்டாள் கோபிஷா. "என்ன சொன்னாலுமோ?"

"குகதாசன்ர வாக்கு, பிள்ளை! தவராஜா அண்ணையும் மீறேலாது."

அப்பா தவராஜாவும் பெருமையாகத் தலையாட்டினார்.

அவளுக்கு அது போதும். குகதாசன் தன் அக்கா மகன் நிருசனை, அவளைப் பெண் பார்க்க டீட்டிகோனிலிருந்து கூட்டி வந்திருந்தார். அப்பாவோ ஆவணிக்கு மண்டபம் பிடித்துவிட்டுத்தான் மாப்பிள்ளையே தேடத் தொடங்கியவர். வேண்டாமென்று அவள் மூன்று தரம் சொல்லியாயிற்று. "மண்டபம் திரும்பக் கிடைக்காது, பிள்ளை" என்பதுதான் மூன்று தரமும் பதில்.

வந்த மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை.

"தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார் அப்பா.

"உற்பத்தி முகாமைத்துவம், மனேஜர்!" என்று அதற்கும் குகதாசனே பதில் சொன்னார். நிருசன் மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்புகளைச் சட்டைக்கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டான்.

பாணைத் தட்டில் வைக்கக் கோபிஷா குசினிக்குப் போனாள். பெட்டியைத் திறந்ததும் குரல் கேட்டது.

"அஞ்சற்க, நங்காய்! யாம் அரசர்."

கையிலிருந்த தட்டு தப்பியது பெரிய காரியம். குசினியில் ஒருவருமில்லை. அவள் பாணைப் பார்த்தாள். பாணும் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"நீங்கள்... உள்ளுக்கையோ இருக்கிறியள்?"

"நின் துயர் யாது?"

பாதி விளங்கவில்லை. இந்தத் தமிழை அவள் ஒன்றிய விழா மேடையில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். அங்கேயும் ஒருவருக்கும் விளங்குவதில்லை.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். அந்தப் பெடியன் ஒரு வார்த்தை கதைக்குதில்லை. நீங்கள் எனக்கு வந்தால் நான் நிப்பாட்டிப்போடுவன்."

குரல் சற்றுத் தயங்கியது. "அவ்வாறே ஆகுக."

"உங்கட ஆட்சி எத்தனை நாளைக்கு?"

"இன்று மாலை வரை."

"அப்பா சுவிஸுக்கு வந்த புதுசில அவருக்குக் குடுத்த விசாவை விட மோசமாயிருக்கு!"

அரசர் சிரித்தார். நல்ல சிரிப்பு. பாணோடு கதைப்பதற்கு ஏன் தன் கன்னம் சுடுகிறதென்று கோபிஷாவுக்கு விளங்கவில்லை.

"பிள்ளை, கொண்டு வாவன்!" அப்பா கூப்பிட்டார். "முதல் நீ எடு."

மேசையில் தட்டை வைத்துக் குனிந்தாள். "எங்க இருக்கிறியள்?" என்று உதட்டுக்குள் கேட்டாள்.

"நின் இடத்தே."

"என்ர இடத்திலயோ?"

"இடம்! இடம்!" குரல் மன்றாடியது.

என்ர இடமெண்டால் எனக்கு முன்னால இருக்கிறதுதானே? நேர் முன்னால் இருந்த உருண்டையை எடுத்துப் பிய்த்தாள். முந்திரிகை வத்தல்தான் இருந்தது.

அதற்குப் பக்கத்து உருண்டையை நிருசன் எடுத்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ராசா நின்றார்.

"பாத்தியளோ, ராசயோகம்!" குகதாசன் கிரீடத்தைச் சூட்டிக் கைதட்டினார். கோபிஷாவுக்குக் கண் கலங்கியது. எல்லாம் முடிந்தது.

"இப்ப நான் சொல்றதுதானே சட்டம், மாமா?" நிருசன் முதன்முறையாக வாய் திறந்தான். மெல்லிய, தட்டுத்தடுமாறும் குரல். "நான் முகாமையாளர் இல்லை. பேக்கரியில மாக் குழைக்கிறன். இந்தப் பாணும் நான் சுட்டதுதான்."

குகதாசனின் முகம் பொங்காத மாவைப்போல அமுங்கியது.

"மற்றது, இந்தக் கலியாணப் பேச்சு இதோட முடிஞ்சுது. அவவுக்கு விருப்பமில்லை."

கோபிஷா திகைத்தாள். வந்தவர்களில் ஒருவரிடமும் அவள் அதைச் சொல்லவில்லையே? நிமிர்ந்து பார்த்தாள். நிருசன் வாய் நிறையப் பாணை அடைத்திருந்தான். உதடு அசையவில்லை, கண் மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் அவள் காதுக்குள் அரசரின் அதே குரல், இந்தத் தரம் வீட்டுத் தமிழில் கேட்டது: "இடமெண்டால் ஜெர்மனில லிங்க்ஸ், கோபிஷா. இடக்கைப் பக்கம்."

"அப்பா," என்றாள் அவள் அவசரமாக, "மண்டபத்தை விட்டிடாதேங்கோ."